போயா நாளில் காட்டிய வீடு

வீட்டுத் தரகுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அன்ரி, கொழும்பில எது நல்ல ஏரியா?" முப்பது வருடம் இந்த நகரத்தின் படிகளில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவள் நான். சில வருடங்களுக்கு முன்பு என்றால் யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பேன். இப்போது கேட்கும்போது தண்ணீர் குடிக்கிற சாட்டில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேனே, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம். கொழும்பு ஏழு, கறுவாத்தோட்டம்: மரநிழல், உயர்ந்த மதில், அகன்ற நடைபாதை, ஆனால் ஒரு தேங்காய் வாங்கக் காரை எடுக்க வேண்டும். கொழும்பு ஐந்து: நல்ல பாடசாலைகள், ஒழுங்கான அயல், அந்த அயலவரின் பெயர் தெரிய ஐந்து வருடமாகும். பம்பலப்பிட்டி: பழைய கௌரவம், அதைவிடப் பழைய தண்ணீர்க் குழாய்கள். நான் இருக்கும் வெள்ளவத்தை: கீரை, சேலை, மருந்து, சோதிடர், ரியூசன் மாஸ்டர் எல்லாம் ஒரே ஒழுங்கைச் சந்துக்குள், மத்தியானம் ஒரு மணித்தியாலம் தூங்கத்தான் வழியில்லை. கொட்டாஞ்சேனை: விலாசத்தில் கொழும்பு பதின்மூன்று என்று போடக் கூச்சப்படுவார்கள், ஆனால் இரண்டு நாள் உங்கள் கதவு திறக்காவிட்டால் அயல் வந்து உடைத்துப் பார்க்கும். முகத்துவாரம்: காற்றுக்குக் குறைவில்லை, கலியாணம் பேச வருகிறவர்கள் மட்டும் விலாசத்தைக் கேட்டதும் இருமத் தொடங்குவார்கள்.

சனம் வீட்டைக் கேட்பதற்கு முன் கொழும்பு எத்தனை என்று ஏரியா நம்பரைத்தான் கேட்கும். கறுவாத்தோட்டத்தின் எல்லைக்கு வெளியே வீடு வாங்கிவிட்டு, மகளின் கலியாண அழைப்பிதழில் கொழும்பு ஏழு என்று அச்சடித்த ஒருவரை எனக்குத் தெரியும். தபால்காரர் திருத்தித் திருத்திக் களைத்துப் போனார்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் 'சத்தம்' என்று ஒரு வரி இருக்கும். சத்தம் கூடினால் புள்ளி குறையும். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் எல்லாம் இப்போது பெரிய இடங்களில் இருக்கிறார்கள். வீட்டை எப்போது காட்டுவது என்பதில் அவர் மன்னன். காலி ஊருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதிப் பக்கத்து வீட்டைப் போயா நாள் மத்தியானம் காட்ட வேண்டும். பௌர்ணமி விடுமுறை, கந்தோர் இல்லை, ரியூசன் இல்லை, பஸ் குறைவு. கொட்டாஞ்சேனை வீட்டை ஞாயிறு பின்னேரம், துறைமுக லொறிகள் ஓய்ந்திருக்கும்போது. களனி ஆற்றங்கரை வீட்டை மழைக்குப் பிறகு ஒரு கிழமைக்குக் காட்டவே கூடாது. "பொய் சொல்லாதை பிள்ளை, காட்டுற நாளை மட்டும் பார்த்து வை" என்பார். நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்து, அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து மரியதாஸ் என்பவர் போனில் கூப்பிட்டார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி றெஜினா. ஒரே மகள் ஸ்டெல்லா, முப்பது வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தொலைபேசிப் பகுதியில் வேலை. காலையில் அப்பா முச்சக்கர வண்டியில் கூட்டிப்போய் விடுவார், பின்னேரம் அப்பாவே போய்க் கூட்டிவருவார். எட்டு வருடமாக அப்படித்தான்.

கடைத்தெருவுக்குப் பின்னால், மேல்மாடியில் அவர்களின் வீடு. நான் போனபோது றெஜினா தேத்தண்ணீருடன் கேக்கும் வைத்தார். மரியதாஸ் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு எழுபது வயசாகுது. எங்களுக்குப் பிறகு இவ எங்க இருப்பா, எப்பிடி இருப்பா? அதுதான் எனக்கு நித்திரை இல்லை. கொழும்பிலயே நல்ல இடமாப் பார்த்துத் தாங்க. அமைதியா, பயமில்லாம."

நான் கொப்பியை விரித்தேன். அமைதி வேண்டும், பாதுகாப்பு வேண்டும், லிப்ட் வேண்டும், பக்கத்தில் மாதா கோயில் வேண்டும். எல்லாவற்றையும் அப்பாவும் அம்மாவும் சொன்னார்கள், நான் எழுதினேன். ஸ்டெல்லா அங்கேயே, என்னிடமிருந்து மூன்றடி தள்ளி ஒரு கதிரையில் இருந்தாள். அவளிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளை, கேக் சாப்பிடேல்லையோ?" என்பதுதான். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் கொழும்பு ஐந்தில் ஒரு வீடு காட்டினேன். ஸ்டெல்லா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பிறகு கறுவாத்தோட்டத்தில் ஒரு மாடி. வாசலில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அன்ரி, இங்க ஆக்கள் இருக்கிறாங்களா?" என்று கேட்டாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாவதுதான் வெள்ளவத்தை வீடு. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புதுத் தொடர்மாடி, ஐந்தாம் மாடி, பின்பக்கம். பெரியவரின் பாடம் மறக்கவில்லை. போயா நாள், மத்தியானம் இரண்டு மணி. முன்கூட்டியே போய் யன்னல்களை இறுக்கிச் சாத்தி, ஏசியையும் போட்டு வைத்தேன். உள்ளே வந்ததும் றெஜினா சிலுவை போட்டுக்கொண்டார்.

"கடவுளே, என்ன அமைதி! காலி வீதிக்கு இவ்வளவு கிட்ட எண்டு சொன்னா நம்ப மாட்டாங்க."

"ஓம் ஓம், இந்தப் பக்கம் அப்பிடித்தான்" என்றேன் நான், கூசாமல்.

ஸ்டெல்லா மட்டும் நடு அறையில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்பா, எனக்கு இது வேணாம்."

"ஏன்?"

"இங்க ஒண்டும் கேக்கேல்லை."

நான் முந்திக்கொண்டேன். "அதுதானே பிள்ளை இந்த வீட்டின்ரை விசேஷமே!"

மரியதாசுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வீடு பார்த்தாயிற்று, மூன்றும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று சத்தம் போட்டார். "சரி அப்பா, உங்களுக்குப் பிடிச்சா எடுங்க" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வியாபாரப் பேச்சு முடிந்தது என்ற சந்தோஷத்தில் அதைத் தள்ளி வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

அதற்கிடையில் செவ்வாய்க்கிழமை றெஜினா கூப்பிட்டார். அலுமாரி படுக்கையறைக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டுமாம், ஸ்டெல்லாவுக்கும் லீவாம், பின்னேரம் நாலு மணிக்கு வருகிறார்களாம். வேலை நாள், நாலு மணி! காலி வீதி முழுக்க ஹோர்ன் அடிக்கும், ரியூசன் பிள்ளைகள் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், கடலோர ரயில் வேறு. எத்தனையோ சாட்டுச் சொன்னேன். அவர்கள் வந்துவிட்டார்கள்.

மரியதாஸ் அளவு நாடாவோடு படுக்கையறைக்குள் போனார். சமையலறைக் குழாய் எப்படி வருகிறது பாருங்கள் என்று றெஜினாவை இழுத்துக்கொண்டு போய், குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் இரையும் சத்தத்துக்கு மேலே நான் விடாமல் கதைத்தேன். வெளிச்சத்தம் அவருடைய காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை. மரியதாஸும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எங்களைக் கூப்பிட்டார். பத்து நிமிடமிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் முன்கதவு திறந்து கிடக்கிறது. ஸ்டெல்லா இல்லை.

குளியலறையில் இல்லை. படிக்கட்டில் இல்லை. லிப்ட் கீழே நிற்கிறது. றெஜினா "என்ர பிள்ளை" என்று போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

உண்மையைச் சொல்லத்தானே உங்களை இருத்தி வைத்திருக்கிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, வெள்ளிக்கிழமைக் கையெழுத்து போச்சு என்பதுதான். இரண்டாவதாகத்தான் தண்டவாளம் நினைவுக்கு வந்தது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் எல்லாம் கீழே மெரீன் டிரைவில் போய் முடியும். வாகனங்கள் பறக்கும் வீதி. அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ரயில் ஊதியது.

மூன்று பேரும் ஒன்றாக ஓடினால் பயனில்லை என்று மட்டும் அந்தப் பதற்றத்திலும் தெரிந்தது. றெஜினாவைக் கட்டிட வாசல் கேற்றடியில் நிறுத்தினேன். "நீங்கள் இந்த இடத்தை விட்டு அசையாதேங்கோ. பிள்ளை திரும்பி வந்தால் ஓராள் நிக்க வேணும்." மரியதாஸ் அதற்குள் காலி வீதிப் பக்கம் ஓடிவிட்டார். பஸ்ஸுக்குத்தான் போயிருப்பாள் என்று அவருக்கு நினைப்பு. நான் கடற்பக்கம் இறங்கினேன். இந்த முழங்காலோடு அன்று நான் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த குடை எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

பாதி வழியில் ரயில் வந்தது. ஒழுங்கையின் முனையில் பெட்டி பெட்டியாகப் போவது தெரிந்தது. நான் நின்றுவிட்டேன். பிறேக் பிடிக்கும் சத்தம் வருமா, ஆட்கள் கத்துவார்களா என்று நின்று கேட்டேன். ரயில் தன் பாட்டில் போனது. பிறகு கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. மீண்டும் ஓடினேன்.

முனையில் ஒரு சில்லறைக் கடை. அதன் சுவரோரம், நடைபாதைக்குள்ளேயே, ஸ்டெல்லா நின்றாள். கையில் வெள்ளைப் பிரம்பு. அவளிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்திருக்கிறாள். முகம் கடற்பக்கம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கார முஸ்லிம் ஐயா என்னைப் பார்த்ததும் எழும்பினார். "உங்கட புள்ளயா? ஒன்டும் பயப்படாதீங்க. வந்ததிலயிருந்து நான் பாத்துக்கொண்டுதான் இரிக்கிறேன். கை புடிக்கவா என்டு கேட்டேன், வாணாம் என்டு சொல்லிட்டா."

அங்கே கவிழ்த்து வைத்திருந்த சோடாப் பெட்டியில் தொப்பென்று இருந்து அழுதேன். நல்லாக அழுதேன். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படி நிம்மதியில் அழுததில்லை. அந்த மனிதர் பால் விடாத பிளேன்ரீ ஒன்று ஊற்றித் தந்தார். பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"உனக்கு என்ன பைத்தியமோ பிள்ளை? ஆரிட்டைக் கேட்டு இறங்கினனீ? முன்னுக்கு ரயில் றோட்டு!"

"தெரியும் அன்ரி. அதாலதான் இங்க நிக்கிறன். நடைபாதை முடியிற இடம் பிரம்பில பட்டுச்சு, நிண்டுட்டன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்டைக்கு நீங்க கூட்டிவந்தப்ப ஒண்டுமே கேக்கேல்லை. பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருந்துச்சு. இண்டைக்கு வாசலுக்கு வந்தன், லிப்ட் கதவு திறந்துச்சு, கீழ ரயில் சத்தம் கேட்டுச்சு. பாருங்க அன்ரி, முதுகுப் பக்கம் பஸ். முன்னுக்குக் கடல். ஒழுங்கை வளையவே இல்லை. இறங்க இறங்க பஸ் குறையுது, கடல் கூடுது. நான் எங்க நிக்கிறன் எண்டு எனக்கே தெரியுது."

"கொட்டாஞ்சேனையில தெரியாதோ?"

"அங்க வளைஞ்சு வளைஞ்சு போகும், எல்லாப் பக்கமும் லொறி. அதை விடுங்க. அங்க நான் வாசல்ல கால் வச்சா பத்துப் பேர் கையைப் பிடிச்சுடுவாங்க. எல்லாரும் நல்லவங்க. ஆனா முப்பது வயசில நான் தனிய நடந்தது இதுதான் முதல் தரம்."

முப்பது வருடமாக நான் எல்லா வீட்டிலும் ஒளித்து வைத்த சத்தம், அவளுக்கு வழி காட்டியது. அதை நான் யன்னல் சாத்தி, குழாயைத் திறந்து, மறைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பும்போது பழக்கதோஷத்தில் அவளுடைய முழங்கையைப் பிடித்தேன். பிறகு விட்டேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வடிகானின் இரும்பு மூடி பிரம்புக்கு டங்கென்றது. "இது ஒண்டு" என்றாள்; இறங்கும்போதே எண்ணி வைத்திருக்கிறாள். காலி வீதிப் பக்கமிருந்து மரியதாஸ் ஓடி வந்துகொண்டிருந்தார். சேர்ட் முழுக்க வியர்வை, ஒரு கையில் செருப்பு. மகளைக் கண்டதும் பாய்ந்து வந்து பிடிக்கப் பார்த்தார். நான் குறுக்கே போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு ஆம்பிளையை அப்படி மறித்தது அன்றுதான்.

"பிடிக்காதேங்கோ ஐயா. கேற்றடி வரைக்கும் அவவைத் தனிய நடக்க விடுங்கோ. பிறகு எனக்கு ஏசுங்கோ."

ஏன் விட்டார் என்று தெரியாது. ஓடின களைப்பாகவும் இருக்கலாம். பிரம்பு தட்டிக்கொண்டு அவள் எங்களைக் கடந்து போனாள். "அப்பா, மூச்சு வாங்குது, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இரண்டாவது இரும்பு மூடி டங்கென்றது. நாலு எட்டு வைத்து, பக்கம் திரும்பி, கையை நீட்டினாள். கேற் கம்பியில் கை பட்டது. றெஜினா அந்தக் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். மரியதாஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அங்கேயே, கேற்றடியிலேயே, உண்மையைச் சொன்னேன். போயா நாளைப் பார்த்துத்தான் கூட்டிவந்தேன், யன்னலை நான்தான் சாத்தினேன், இந்த ஒழுங்கை மற்ற நாட்களில் இப்படித்தான் இரையும் என்று.

"அப்ப எங்களை ஏமாத்தினீங்களா?" என்றார் மரியதாஸ்.

"ஓம் ஐயா."

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, ஸ்டெல்லா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "அன்ரி, இதே பில்டிங்கில சத்தமான வீடு ஒண்டும் இல்லையா?"

இருந்தது! இரண்டாம் மாடி, ஒழுங்கையைப் பார்த்த பக்கம். ஒரு காதில் பஸ், மறு காதில் ரயில். சத்தம் என்று ஒரு வருடமாக ஒருவரும் எடுக்காத வீடு. அதைக் காட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வீடு. அன்றே ஏறிப் பார்த்தார்கள். நான் யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஸ்டெல்லா நடு அறையில் நின்று கையை நீட்டி, "காலி வீதி அந்தப் பக்கம், கடல் இந்தப் பக்கம்" என்றாள். சரியாகச் சொன்னாள். மரியதாஸ் அவள் கை நீட்டிய திசைகளை மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குத்தான் கையெழுத்து வைத்தார்கள்.

எனவே, எது நல்ல ஏரியா என்று என்னைக் கேட்காதீர்கள். கொப்பி வைத்திருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், மூலையில் பேசாமல் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். வேலை நாளில், நாலு மணிக்கு, யன்னலைத் திறந்து காட்டுங்கள். பேச்சு முறிந்தால் முறியட்டும், இன்னொன்று வரும். அன்று ரயில் போன அந்த அரை நிமிடம் மாதிரி ஒன்று உங்களில் ஒருவருக்கும் வரக்கூடாது.

அவர்கள் குடி வந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா வேலைக்குத் தனியாகத்தான் போவேன் என்று நின்றாள். ஒழுங்கையால் ஏறிக் காலி வீதி பஸ் நிறுத்தம் வரைக்கும் நடை, பிறகு பஸ். மரியதாஸ் சரி என்றார். ஆனால் ஒவ்வொரு காலையும் இருபது அடி பின்னால், சத்தம் கேட்கக்கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அவளைத் தொடர்ந்து போனார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த மனிதர், நல்ல சேர்ட் போட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை ஒழுங்கையில் பதுங்கிப் பதுங்கிப் போவதை அயலே பார்த்துச் சிரித்தது. நானும் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதமிருக்கும். ஒருநாள் காலையில் ஸ்டெல்லா எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் காலி வீதி இரைந்துகொண்டிருந்தது.

"அன்ரி, பஸ் நிறுத்தத்தில நிக்கிறன். இண்டைக்கு அப்பா பின்னால வரேல்லை."

"ஏன் பிள்ளை, அவருக்குச் சுகமில்லையோ?"

"நல்லா இருக்கிறார். பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தார். போயிட்டு வா எண்டார்." பிறகு, "இப்ப இரவில அவருக்கு நல்லா நித்திரை வருதாம் அன்ரி" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.